இரவு வானில் தோன்றும் விந்தை ஒளிகள்

கடையாமத்தில் எழுந்து தெருவில் பாவு நீட்டும் நெசவாளரும், முறைத் தண்ணீருக்காக நள்ளிரவில் மடை திறக்கச் செல்லும் உழவரும், நகரத்தாரைக் காட்டிலும் இரவு வானத்தை மிகுதியாகக் காண்பவர்கள். ஆகையால், வானில் வழக்கத்திற்கு மாறான ஒளி ஒன்று தென்பட்டால், அதனை முதலில் காண்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. அவ்வொளி யாது, எங்கிருந்து வருகின்றது, அதனால் தீங்கு உண்டா என்னும் கேள்விகள் உடனே எழுகின்றன. விடை கிடையாதவிடத்து வதந்தி நுழைகின்றது. பேய் என்பார் ஒருவர். அயல் நாட்டு ஒற்றர் விமானம் என்பார் மற்றொருவர். வேற்றுலகத்தாரின் பறக்கும் தட்டு என்பார் மூன்றாமவர். முன்னாளில் ஊரளவில் நின்ற பேச்சு, இந்நாளில் கைப்பேசி வாயிலாக ஒரு மணி நேரத்தில் மாவட்டம் முழுவதும் பரவி விடுகின்றது. ஆதலின், இவ்வொளிகளைப் பற்றி ஆராய்ந்து அறியப்பட்ட உண்மைகளை நம் அங்கத்தினர்கள் தெரிந்து வைத்திருத்தல் நலம்.

எல்லைக் காவலர் கண்ட ஒளிகள்

முதற்கண், நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒன்றை எடுத்துக் கொள்வோம். லடாக்கில், இந்திய - சீன எல்லையை ஒட்டி, கடல் மட்டத்திற்கு மேல் 4,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பாங்கோங் என்னும் பெரிய ஏரி உள்ளது. அப்பகுதியில் காவல் புரிந்த நம் படைவீரர்கள், 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து 2013 பிப்ரவரி வரையில், இனந்தெரியாத ஒளிகளை வானில் 329 முறை கண்டதாகப் பதிவு செய்தனர். அவற்றுள் 155 முறை அவ்வொளிகள் எல்லைக் கோட்டைக் கடந்து நம் பக்கம் வந்தனவாகவும் குறித்தனர். அவை சீன நாட்டின் ஆளில்லா உளவு விமானங்களாக இருக்கக்கூடும் என்னும் ஐயம் வலுத்தது.

இதனை ஆராய்வதற்குப் பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் உதவி நாடப்பட்டது. அந்நிறுவனத்திற்கு அதே லடாக்கில், ஹான்லே என்னுமிடத்தில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் வானாய்வு நிலையம் ஒன்று உண்டு. நம் மாநிலத்தின் கொடைக்கானல், காவலூர் நிலையங்களும் அதனைச் சார்ந்தவையே. வீரர்களின் குறிப்புகளில் இரண்டு ஒளிகள் பேசப்பட்டிருந்தன. ஒன்று மாலையில் தோன்றி, கிழக்கிலிருந்து மேற்காக இரவெல்லாம் நகர்ந்து சென்றது. மற்றொன்று விடியற்காலை நான்கு மணியளவில் தோன்றி, பொழுது புலர்ந்த பின்னரும் தென்பட்டது. அவ்வொளிகள் நின்ற திசை, உயரம், நேரம் ஆகியவற்றை விண்மீன்களின் இயக்கத்தோடு வானியலார் ஒப்பு நோக்கினர். முன்னது வியாழன் என்னும் கிரகம், பின்னது வெள்ளி. இம்முடிவு 2013 ஜூலை மாதத்தில் செய்தித்தாள்களில் வெளியாயிற்று.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 2012 டிசம்பர் முதல் வாரத்தில் வியாழன் கதிரவனுக்கு நேர் எதிரே நின்றது. அவ்வாறு நிற்கும் கிரகம் கதிரவன் மறையும்போது உதித்து, இரவு முழுவதும் விளங்கும். அதே காலத்தில் வெள்ளி காலைப் பொழுதில் கிழக்கே விடிவெள்ளியாக இருந்தது. மலைநாட்டின் மெல்லிய, தூசியற்ற காற்றினூடே இவ்விரண்டும் சமவெளியிற் காண்பதைவிடப் பிரகாசமாகத் தோன்றின. மேலும், ஆளில்லா விமானங்கள் எல்லைகளில் பயன்படத் தொடங்கிய காலம் அது. அவற்றை எதிர்பார்த்தே வீரர்கள் வானத்தை நோக்கினர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இங்கோ, ஐயுற்றவர் கண்ணுக்கு ஒளிர்ந்தவை எல்லாம் பகையாகத் தோன்றின.

எனினும் அவ்வீரர்களை எள்ளி நகையாடுதல் தகாது. அவர்கள் கண்டதைப் பொய்யாக உரைக்கவில்லை; கண்டதைக் கண்டவாறே நாள்தோறும் எழுதி வைத்தனர். இரு படைகள் எதிரெதிரே நிற்கும் எல்லையில், ஓர் ஒளியைப் பகைவரின் கருவி எனத் துணிந்து ஆத்திரத்தில் செயற்பட்டிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும் என்பதை நாமே எண்ணிக் கொள்ளலாம். அவ்வாறு நேராமல் காத்தவை பொறுமையும் பதிவேடுமே. 

கண் ஏமாறும் வகைகள்

நல்ல பார்வையுடைய, நாணயமான ஒருவரின் கண்ணும் இருளில் ஏமாறுவதற்குக் காரணங்கள் உள. அவற்றை அறிந்தால் பாதி மயக்கம் நீங்கும்.

முதலாவது, தொலைவு. அருகிலுள்ள பொருளின் தூரத்தை நம் இரு கண்களும் சேர்ந்து அளவிடும். இருண்ட வானிலுள்ள ஓர் ஒளிப்புள்ளிக்கு இவ்வளவை பயன்படாது. பனையுயரத்தில் பறக்கும் மின்மினியும், கோடிக்கணக்கான கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள கிரகமும் புள்ளியாகவே தெரியும். தூரம் தெரியாதபோது பருமனும் தெரியாது. பருமனும் தூரமும் தெரியாதபோது வேகத்தையும் சொல்ல இயலாது. "வண்டியளவு பெரியது, மின்னல் வேகத்தில் சென்றது" என்று ஒருவர் கூறுவாராயின், அவர் கண்டது ஒளியை மட்டுமே. ஏனையவை அவர் மனம் கூட்டியவை.

இரண்டாவது, அசைவு. சுற்றிலும் வேறொன்றும் தெரியாத இருளில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்று நோக்கினால், அஃது அங்குமிங்கும் அலைவது போலத் தோன்றும். அசைவது ஒளியன்று, ஒப்பிடுவதற்கு வேறு பொருளின்மையால் ஏற்படும் தோற்றமே அது. மேகம் நகரும்போது நிலையான விண்மீன் ஓடுவது போலத் தெரிவதும் இவ்வகையே.

மூன்றாவது, பின்தொடர்தல். நாம் வண்டியில் செல்லும்போது சாலையோர மரங்கள் பின்னோக்கிச் செல்கின்றன; நிலவு நம்முடனேயே வருகின்றது. வெகு தொலைவிலுள்ள எந்த ஒளியும் அவ்வாறே வரும். "அவ்வொளி எங்களை விடாமல் துரத்தியது; நாங்கள் நின்றபோது அதுவும் நின்றது" என்னும் கதைகள் பல நாடுகளிலும் இதனால் எழுந்தன.

நான்காவது, நிறமாற்றம். அடிவானத்தருகே உள்ள விண்மீனின் ஒளி மிகுந்த காற்றைக் கடந்து வரவேண்டியிருப்பதால், அது துடித்துச் சிவப்பு, பச்சை, நீலம் என நொடிக்கு நொடி நிறம் மாறுவது போலக் காணப்படும். மார்கழி, தை மாதங்களில் மிருகசீரிடக் கூட்டத்திற்குத் தென்கிழக்கே தோன்றும் சிரியஸ் என்னும் விண்மீன் இதற்குச் சிறந்த சான்று.

வானில் நாம் காண்பவை யாவை?

கிரகங்கள்: கதிரவனுக்கும் நிலவுக்கும் அடுத்தபடியாக வானில் வழக்கமாகத் தோன்றும் பேரொளி வெள்ளியே. அது பூமியைக் காட்டிலும் கதிரவனுக்கு அருகில் சுற்றுவதால், கதிரவனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே மாலையில் மேற்கிலோ, விடியலுக்கு முன் கிழக்கிலோ ஏறக்குறைய மூன்று மணி நேரம் வரையிலுமே அதனைக் காணலாம். நள்ளிரவில் தலைக்கு மேலே நிற்கும் ஒளி வெள்ளியாகாது. அது வியாழனாக இருக்கலாம்.

எரிமீன்கள்: விண்வெளியிலுள்ள மணலளவும் கூழாங்கல்லளவுமான துகள்கள், நொடிக்கு 11 முதல் 72 கிலோ மீட்டர் வேகத்தில் நம் காற்று மண்டலத்துள் நுழைந்து, பெரும்பாலும் 120 முதல் 80 கிலோ மீட்டர் வரையிலான உயரத்தில் ஒளிவிட்டு அழிகின்றன. ஒன்றிரண்டு நொடிகளில் இவை மறையும். ஆண்டுதோறும் ஆகஸ்டு 12, 13 தேதிகளை ஒட்டியும், டிசம்பர் 13, 14 தேதிகளை ஒட்டியும் இவை மிகுதியாக விழும். அரிதாகப் பெரிய கல் ஒன்று வருவதும் உண்டு. 2013 பிப்ரவரி 15 அன்று காலையில், ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர் அகலமுள்ள கல் வெடித்துச் சிதறியது. பேரொளியைக் கண்டவர்கள் அஃது என்னவென்று பார்க்கச் சன்னல்களை நாடினர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டரே செல்லுமாதலால், வெடியின் அதிர்வு ஒளிக்கு வெகுநேரம் பின்னரே வந்து கண்ணாடிகளை உடைத்தது. சுமார் 1,500 பேர் காயமுற்றுச் சிகிச்சை பெற்றனர். உடைந்த கண்ணாடியால் காயம்பட்டவர்களே அவர்களுள் மிகுதி. ஆகவே, வானில் கண்ணைப் பறிக்கும் ஒளி தோன்றி மறைந்தால், சில நிமிடங்கள் சன்னலருகே செல்லாதிருத்தல் வேண்டும்.

செயற்கைக் கோள்கள்: காலைக் கதிர் தரையில் படுமுன் கோபுரக் கலசத்தில் படுவதை நாம் காண்கிறோம். அதுபோலவே, நமக்குக் கதிரவன் மறைந்த பின்னும் பல நூறு கிலோ மீட்டர் உயரத்தில் வெயில் இருக்கும். அங்குச் செல்லும் செயற்கைக் கோள் அவ்வெயிலில் மின்னும். அது சிமிட்டாமல், ஓசையின்றி, சீராக நகர்ந்து சில நிமிடங்களில் வானைக் கடக்கும். பூமியின் நிழலுள் புகும்போது நடுவானிலேயே மங்கி மறையும். மாலை இருட்டிய பின் ஓரிரு மணி நேரமும், விடியலுக்கு முன் ஓரிரு மணி நேரமுமே இவை மிகுதியாகத் தென்படும். சுமார் 400 கிலோ மீட்டர் உயரத்திலுள்ள பன்னாட்டு விண்வெளி நிலையம் இவற்றுள் மிகப் பிரகாசமானது. 2019 மே மாதத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஸ்டார்லிங்க் என்னும் பெயரில் ஒரே ராக்கெட்டில் 60 கோள்களை ஏவியது. அவை நூலில் கோத்த மணிகளைப் போல வரிசையாகச் சென்றதைக் கண்டு பல நாட்டு மக்கள் திகைத்தனர். அதன் பின் அத்தகைய கோள்கள் ஆயிரக்கணக்கில் ஏவப்பட்டுள்ளன. ஏவிய சில நாள்கள் வரை வரிசையாகத் தெரியும்; பின்னர் தனித்தனியே பிரிந்து விடும்.

ராக்கெட்டுகள்: ராக்கெட் கக்கும் புகை மிக உயரத்தில் வெயில் பட்டு, பெரும் சுருளாகவோ விசிறியாகவோ ஒளிரும். 2009 டிசம்பர் 9 அன்று நார்வே நாட்டு வானில் தோன்றிய வியப்பான சுழல், பழுதுற்ற ரஷ்ய ஏவுகணை ஒன்றினால் உண்டானது. பயன் முடிந்த ராக்கெட் பகுதிகள் திரும்ப விழும்போது, எரிமீனைவிட மெதுவாக, பல துண்டுகளாகப் பிரிந்து எரிந்து செல்லும். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் மக்கள் இத்தகைய ஒளியைக் கண்டனர். அன்றிரவே சந்திரபூர் மாவட்டத்தின் லட்போரி கிராமத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று வந்து விழுந்து கிடந்தது. சீன ராக்கெட் ஒன்றின் மேற்பகுதி திரும்ப நுழைந்ததே இதற்குக் காரணம் என்று வானியலார் கணித்தனர்.

பலூன்கள்: வானிலைத் துறையினர் நாள்தோறும் கருவிகளுடன் பலூன்களை மேலே விடுகின்றனர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஹைதராபாத்திலுள்ள தன் தளத்திலிருந்து, 30 முதல் 42 கிலோ மீட்டர் உயரம் வரை செல்லும் மிகப் பெரிய பலூன்களை அனுப்பி வருகின்றது. தரையில் இருள் சூழ்ந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் படுமாதலால், அவை அசையாத வெள்ளை விளக்குப் போலக் காணப்படும். அவற்றின் கருவிகள் பாராசூட் மூலம் வயல்களில் இறங்குவதுண்டு. அவற்றைப் பிரிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அந்நிலையத்தாரின் வேண்டுகோள்.

விமானங்களும் ட்ரோன்களும்: விமானத்தின் இடச் சிறகில் சிவப்பு விளக்கும், வலச் சிறகில் பச்சை விளக்கும் உண்டு, விட்டுவிட்டு மின்னும் விளக்குகளும் உண்டு. இறங்கும் விளக்கை ஏற்றிக்கொண்டு நம்மை நோக்கி நேராக வரும் விமானம், பல நிமிடங்கள் ஓரிடத்திலேயே நிற்பது போலத் தோன்றும். வயலில் மருந்து தெளிக்கும் ட்ரோன்களை நம் விவசாயிகள் இந்நாளில் அறிவர். அவற்றின் ஒளி தாழ்வாகவும், ரீங்கார ஓசையுடனும் இருக்கும்.

பறக்கும் தட்டு என்னும் பெயர் வந்த வரலாறு

1947 ஜூன் 24 அன்று, கென்னத் ஆர்னால்டு என்னும் அமெரிக்க விமானி, வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து சென்றதைக் கண்டதாகக் கூறினார். நாம் ஓட்டாஞ்சில்லைக் குளத்து நீரின்மேல் சாய்த்தெறிந்தால் அது தத்தித் தத்திச் செல்லுமன்றோ? அதுபோல, நீரின்மேல் வீசிய தட்டைப் போலத் தத்திச் சென்றன என்று அவர் அவற்றின் போக்கை விளக்கினார். செய்தித்தாள்களோ "பறக்கும் தட்டுகள்" என்று பெயரிட்டு விட்டன. போக்கைக் குறித்த உவமை வடிவத்தைக் குறிப்பதாயிற்று. அதன் பின் மக்களுக்குத் தட்டு வடிவமே கண்ணில் படத் தொடங்கியது.

அமெரிக்க விமானப் படை 1947 முதல் 1969 வரை இத்தகைய செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தது. நீல நூல் திட்டம் என்பது அவ்வாராய்ச்சியின் இறுதிப் பெயர். மொத்தம் 12,618 நிகழ்ச்சிகள் பதிவாயின. அவற்றுள் 701 நிகழ்ச்சிகளுக்கு, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரைக்கு, விளக்கம் காணப்படவில்லை. நாட்டிற்கு அபாயம் என்பதற்கோ, வேற்றுலக ஊர்திகள் என்பதற்கோ சான்று எதுவும் கிட்டவில்லை என்று அறிவித்து அத்திட்டம் முடிக்கப்பட்டது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா அமைத்த குழுவும் 2023 செப்டம்பரில் அளித்த அறிக்கையில், வேற்றுலகத்தார் வந்ததாகக் கொள்ளச் சான்று இல்லை என்றும், கிடைத்துள்ள குறிப்புகளின் தரக்குறைவே ஆராய்ச்சிக்குப் பெருந்தடை என்றும் கூறியது.

எஞ்சிய 701 நிகழ்ச்சிகள் யாவை என்று சிலர் வினவலாம். விளக்கம் காணப்படவில்லை என்றால், விளக்கம் காணப்படவில்லை என்பதே பொருள். சங்கத்தின் கணக்கில் ஒரு தொகைக்குச் சீட்டு அகப்படவில்லையாயின், அதனை "வராத சீட்டு" என்று எழுதி வைப்போமேயன்றி, அயலூரான் ஒருவன் பெயரில் பற்று எழுதி விடமாட்டோம். வானத்து ஒளிக்கும் அந்நெறியே பொருந்தும்.

அதே சமயம், புதியது எதுவுமே இல்லை என்று அடித்துக் கூறுவதும் தவறு. இடிமேகங்களுக்கு வெகு உயரத்தே கணப்பொழுது சிவந்த ஒளி பாய்வதைக் கண்டதாக விமானிகள் பல்லாண்டுகள் சொல்லி வந்தனர், நம்புவார் அரியராயினர். 1989 ஜூலையில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தார் தற்செயலாக அதனைப் படம் பிடித்தனர். மின்னலோடு தொடர்புடைய இயற்கை நிகழ்ச்சி அது என்று இன்று யாவரும் ஏற்கின்றனர். ஆகவே கண்டவரைப் பொய்யர் என்று ஒதுக்குதலும் கூடாது. அவர் கூறும் காரணத்தை அப்படியே ஏற்றலும் கூடாது.

வதந்தியால் விளையும் தீங்கு

2024ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், இரவில் மர்ம ட்ரோன்கள் பறப்பதாகப் பெரும் கிளர்ச்சி எழுந்தது. புலனாய்வுத் துறைக்கு 5,000க்கும் மேற்பட்ட செய்திகள் வந்தன. அவற்றுள் மேற்கொண்டு ஆராயத்தக்கவை சுமார் 100 மட்டுமே. அனுமதி பெற்ற ட்ரோன்கள், விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றோடு, விண்மீன்களையும் மக்கள் ட்ரோன் என மயங்கினர் என்று அதிகாரிகள் தெரிவித்தனர். இதற்கிடையே சிலர் லேசர் விளக்கை விமானங்களின்மேல் பாய்ச்சினர். அவ்வொளி விமானியின் கண்ணைக் கூசச் செய்து, நூற்றுக்கணக்கான பயணிகளின் உயிருக்கே உலை வைக்க வல்லது. கற்றோர் மிகுந்த நாட்டிலும் அச்சம் இவ்வாறு செய்யுமாயின், நாம் எத்துணை விழிப்பாக இருத்தல் வேண்டும்! இரவில் புதிதாக ஊருக்குள் வந்த வழிப்போக்கன்மேல் இத்தகைய அச்சம் திரும்பினால், அதன் விளைவு மீட்க முடியாததாகி விடும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

1. விந்தையான ஒளியைக் கண்டவுடன் நேரத்தையும் திசையையும் குறித்துக் கொள்ளவும். ஒரு மரத்தின் உச்சி, கோபுரம், மின்கம்பம் ஆகியவற்றுள் ஒன்றை அடையாளமாகக் கொண்டு, அசையாமல் நின்று ஒளி நகர்கின்றதா என்று பார்க்கவும்.

2. கையை முழுவதும் நீட்டி மடக்கிய முட்டி, வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். விண்மீன்கள் ஒரு மணி நேரத்தில் 15 பாகை வரை, அதாவது ஒன்றரை முட்டி அளவு, மேற்கு நோக்கி நகரும். ஒளி அவ்வளவே நகர்ந்தால் அது விண்மீனோ கிரகமோ ஆகும்.

3. மறுநாளும் அதே இடத்தில் நின்று பார்க்கவும். இன்று 8 மணிக்குத் தென்னை உச்சியில் நின்ற விண்மீன், நாளை 7 மணி 56 நிமிடத்திற்கே அங்கு வந்துவிடும். 15 நாள்களில் ஒரு மணி நேரம் முந்தும். இவ்வாறு நாள்தோறும் சுமார் நான்கு நிமிடம் முந்தி வருவது வானத்துப் பொருளே. மனிதர் விடும் எக்கருவியும் இந்த ஒழுங்கில் வாராது.

4. ஓசை உண்டா, சிமிட்டுகின்றதா, நிறம் யாது, எவ்வளவு நேரம் தெரிந்தது என்பவற்றை எழுதவும். உடன் இருந்தவர் தாம் கண்டதைத் தனியே எழுதட்டும்; பேசிக் கலந்த பின் எழுதினால் இருவர் கண்டதும் ஒன்றாகிவிடும்.

5. வானிலிருந்து விழுந்த பொருள் வயலில் கிடந்தால் தொடலாகாது. குழந்தைகளையும் கால்நடைகளையும் அண்டவிடலாகாது. காவல் நிலையத்திற்கோ கிராம நிர்வாக அலுவலருக்கோ உடனே தெரிவிக்கவும்.

6. விமானம், ட்ரோன் ஆகியவற்றின்மேல் விளக்குப் பாய்ச்சுதலும், கல் எறிதலும் கூடவே கூடாது. உறுதி செய்யப்படாத செய்தியைக் கைப்பேசியில் பிறருக்கு அனுப்பலாகாது.

பாங்கோங் ஏரிக்கரையில் இருந்த வீரர்களுக்கு உதவியது விலையுயர்ந்த கருவியன்று. நாள், நேரம், திசை ஆகியவற்றை விடாது குறித்த குறிப்பேடு. அத்தகைய குறிப்பு எழுதும் பழக்கம் கூட்டுறவுச் சங்கத்தார்க்குப் புதியதன்று. பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, விடிவெள்ளி உதிக்கும் நேரத்தை ஒரு மாதம் எழுதி வரச் செய்வோமானால், அவ்வூரில் வானத்து ஒளியைக் காட்டி எவரும் எவரையும் எளிதில் அச்சுறுத்த இயலாது.